காரை எலும்பு முறிந்தும் களத்தில் நின்ற சாப்பர்

கிருஷ்ணகிரிப் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எங்கள் பெரியப்பா பெங்களூரு எம்.இ.ஜி.யில் இருந்தவர், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780இல் தொடங்கிய ராணுவப் பொறியாளர் படை (சாப்பர் என்றாலே அந்தப் படையின் சிப்பாய்). ரிட்டயர் ஆன பிறகும் சாயங்காலமானால் மைதானத்து ஓரம் நின்றுகொண்டு, "பந்தைக் குடுடா, வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று பசங்களைப் பார்த்துக் கத்துவார். கால்பந்தில் அந்தப் பந்து கொடுக்கும் பழக்கத்தை இங்கிலாந்தில் வளர்த்துவிட்டதில் பெரிய பங்கு அவருடைய பங்காளிப் படைக்கு உண்டு: பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இன்ஜினியர்ஸ், அவர்களும் சாப்பர்கள்தான். மெட்ராஸ் இன்ஜினியர் அதிகாரிகளை 1862இல் அந்தப் படையோடுதான் சேர்த்தார்கள்.

அவர்களுடைய இடம் இங்கிலாந்தின் சாத்தம் ஊர், அங்கேதான் ராணுவப் பொறியியல் பள்ளி. 1871-72இல் இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டியான எஃப்.ஏ. கோப்பை முதல்முறையாக நடந்தபோது பேர் கொடுத்ததே 15 அணிகள். அன்றைக்கு ஆட்டம் எப்படி என்றால், பந்து கிடைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு அதை உருட்டிக்கொண்டே ஓடுவான், மற்றவர்கள் அது நழுவினால் பொறுக்கலாம் என்று பின்னாலேயே ஓடுவார்கள். சாப்பர்கள் பந்தை ஒருத்தருக்கொருத்தர் தட்டிவிட்டு ஆடினார்கள். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மற்ற அணிகளில் பாதிப் பேர் மேட்ச் அன்றுதான் முகம் பார்த்துக்கொள்வார்கள், இவர்களோ ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள், பக்கத்தில் எவன் எங்கே ஓடுவான் என்று பார்க்காமலே தெரியும்.

ஃபைனல் 1872 மார்ச் 16, லண்டன் கென்னிங்டன் ஓவல், கிரிக்கெட் மைதானம்தான். சாப்பர்களுக்கு எதிரே வாண்டரர்ஸ் என்ற அணி. கோல் கம்பத்துக்கு மேலே கட்டை கிடையாது, ஒரு நாடா. ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் நம்பியது சாப்பர்களைத்தான். ஆனால் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே லெப்டினன்ட் கிரெஸ்வெல்லுக்குக் காரை எலும்பு உடைந்துபோனது. மாற்று ஆள் இறக்கும் வழக்கமே அப்போது இல்லை, மனுஷன் வெளியே போகாமல் ஓரத்திலேயே நின்று கடைசிவரை ஆடினார். வாண்டரர்ஸ் 1-0. அந்த ஒரே கோலை அடித்த பெட்ஸ், 'ஏ. எச். செக்கர்' என்று வேறு பேரில் இறங்கியவர். நம்மூர் டோர்னமென்டில் இப்படிச் செய்தால் கமிட்டி டென்ட்டே சாய்ந்துவிடும்!

1874 ஃபைனலிலும் தோல்வி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம் 2-0. கோப்பை கிடைத்தது 1875இல், ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர்களின் அணியான ஓல்டு ஈட்டனியன்ஸோடு 1-1 டிரா, மறுஆட்டத்தில் 2-0. அதில் கோல் போட்ட ரென்னி-டெயில்யர் பிறந்தது நம் முசூரியில். அணியை உருவாக்கிய மேஜர் மாரிண்டின் அந்த ஃபைனலில் இறங்கவில்லை, ஈட்டனில் படித்தவர் என்பதால் இரண்டு பக்கமும் ஆடத் தகுதி இருந்தது, சரி, யாருக்கும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கென்னவோ கோப்பையைவிட இந்த ஒதுங்கல்தான் பெரிசாகத் தெரிகிறது.

1878இல் இன்னொரு ஃபைனல், அதுவும் தோல்வி. அப்புறம் வடக்கத்தி மில் ஊர்களின் அணிகள் மேலே வந்தன, 1885இல் காசு கொடுத்து ஆள் வைப்பதும் சட்டப்படி சரியாகிவிட்டது. சேர்ந்தே இருந்து பழகும் வசதி இனி சாப்பர்களுக்கு மட்டுமானதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டு ஆள் சேர்க்கும் எங்கள் ஊர் டீமுக்குத்தான் அது இன்னும் வாய்க்கவில்லை, பெரியப்பா கத்துவதும் நிற்கவில்லை.