ஐ.பி. வரலாறு ஐ.ஏ.: மன்சனார் பள்ளி மன்றங்களை எடுப்பவர்கள் முதலில் தேதியைப் பிடியுங்கள்

ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியட்) மே அமர்வுத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. ஐ.ஏ. என்ற உள்மதிப்பீட்டு ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர் போட்ட மதிப்பெண், வெளியார் சரிபார்க்கும் மாடரேஷனில் குறையாமல் நின்றது பெரிய நிம்மதி. அடுத்த செட் இப்போதுதான் தலைப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள் என்பதால் சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன். 25 மதிப்பெண், 2,200 சொல், மூன்று பகுதி (சான்று மதிப்பீடு, ஆய்வு, முறை பற்றிய சிந்தனை) எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தலைப்பு, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர் மன்றங்கள். அதிலும் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், மன்சனார் தடுப்பு முகாமின் முள்வேலிக்குள் நடந்த பள்ளி. 1942 பிப்ரவரி 19இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணைக்குப் பிறகு மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களில் 10,000 பேருக்கு மேல் ஒரு கட்டத்தில் அங்கே இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்காக ஏழாம் பிளாக்கில் உயர்நிலைப் பள்ளி. 1942 இலையுதிர் காலத்தில் அது தொடங்கியபோது மேசை நாற்காலி கிடையாது, புத்தகம் கிடையாது, தரையில்தான் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பாடகர் குழு, மாணவர் பேரவை, நாடகம், பேட்டன் (கோல் சுழற்றும்) பயிற்சி, ஆண்டு மலர் எல்லாம் எப்படி வந்தன, யார் நடத்தினார்கள்? ஐ.ஏ.வுக்கு அளவான கேள்வி இது. பள்ளி ஒன்று, பள்ளி ஆண்டு இரண்டு, சான்றுகள் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொரு சான்றுக்கும் இரண்டு தேதி எழுதுங்கள்: நடந்த தேதி, பதிந்த தேதி. மீதி எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஏன் என்றால், முக்கியமான மூன்று சான்றும் மூன்று வேறு வேகத்தில் ஓடுபவை. முகாமின் செய்தித்தாளான மன்சனார் ஃப்ரீ பிரஸ் 1942 ஏப்ரல் 11 முதல் வந்தது. முதலில் உருட்டச்சு, அந்த ஜூலையிலிருந்து அச்சு. அதில் மன்றச் செய்தி நடந்த ஓரிரு நாளில் வந்துவிடும், பல நேரம் நடக்கும் முன்பே அறிவிப்பாக வரும். அவர் வேர்ல்ட் என்ற 1943-44 பள்ளி ஆண்டு மலரோ முழு வருடத்தையும் திரும்பிப் பார்த்துத் தொகுத்தது. புகைப்படங்கள் மூன்றாவது வகை: எடுத்த நாள் ஒன்று, தலைப்புக் குறிப்பு எழுதிய நாள் வேறு. இந்த மூன்றையும் ஒரே பத்தியில் கலந்தால் வாதம் அங்கேயே சரிந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. 1943 பிப்ரவரியில், அமெரிக்காவுக்கு விசுவாசமானவர்களா என்று முகாம்வாசிகளைக் கேட்கும் விசுவாசக் கேள்வித்தாள் வந்தது. அதற்குத் தந்த பதில்களால் பிரிக்கப்பட்டவர்களை டூலி லேக் முகாமுக்கு மாற்றினார்கள். மன்சனாரிலிருந்து அந்த மாற்றம் தாமதமாகி 1944 பிப்ரவரியில்தான் நடந்தது, அதாவது பள்ளி ஆண்டின் நடுவில். ஆக, மலரில் ஒரு மன்றப் படத்தில் 20 தலை தெரிகிறது என்றால் அது பிப்ரவரிக்கு முந்தைய 20ஆ, பிந்தைய 20ஆ? படத்துக்குக் கீழே தேதி இருக்காது. செய்தித்தாளில் அந்த மன்றத்தின் நிர்வாகிகள் தேர்தல் எப்போது, யார் என்று தேடிப் பிடித்துப் படத்தின் பெயர் வரிசையோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். இந்த ஒப்பீட்டைச் செய்த பத்தி ஒன்று இருந்தாலே இரண்டாம் பகுதி வேறு தரத்துக்குப் போகிறது. மதிப்பீட்டாளர்கள் தேடுவது இதைத்தான். “மன்றங்கள் மாணவர்களுக்கு நம்பிக்கை அளித்தன” என்ற வரியை அவர்கள் ஆயிரம் முறை படித்திருப்பார்கள்.

கேள்வியை இப்படி வைக்கலாம்:

“1942 இலையுதிர் காலம் முதல் 1944 ஜூன் வரை மன்சனார் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் மன்றங்கள் எந்த அளவுக்கு மாணவர்களின் சொந்த முயற்சியால் நடந்தன?”

“எந்த அளவுக்கு” என்பது இருக்கட்டும், அதுதான் இரண்டு பக்கமும் பேச இடம் தரும். “போர்க்காலப் பள்ளிகளில் மாணவர் வாழ்க்கை” என்று எடுத்தால் 1,300 சொல்லில் முன்னுரை தாண்ட முடியாது.

வேலை நடக்கும் வரிசை:

1. ஒரு ஸ்பிரெட்ஷீட். நிரல்கள்: நடந்த தேதி, பதிந்த தேதி, மன்றம், சான்று, பக்கம், இடம், பொறுப்பாளர் யார் (ஆசிரியரா, மாணவரா, முகாம் அலுவலரா), தலை எண்ணிக்கை, குறிப்பு. 40 வரி சேரும் வரை ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம்.

2. செய்தித்தாள் தேடல். முகாம் செய்தித்தாள்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேடல் பெட்டியை மட்டும் நம்பினால் பாதி செய்தி கைக்கு வராது. மங்கலான உருட்டச்சுப் பக்கங்களைக் கணினி தப்புத்தப்பாகப் படிக்கும், வரி முடிவில் உடைந்த சொல்லைக் கண்டுபிடிக்கவே செய்யாது. ஒரு மாதத்தைத் தேர்ந்து பக்கம் பக்கமாகக் கண்ணால் படியுங்கள். எந்த மூலையில் பள்ளிச் செய்தி வரும் என்பது பிடிபட்டுவிடும், பிறகு வேகம் கூடும்.

3. மன்றங்களைப் பிரிப்பது. நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. செய்தித்தாளில் வரும் இளைஞர் குழு எல்லாம் பள்ளி மன்றம் கிடையாது. முகாமில் சமூக நடவடிக்கைப் பிரிவு என்று தனியாக ஒன்று இருந்தது. பிளாக் அணிகள், நடனம், பொழுதுபோக்குக் குழுக்கள் பல அதன் கீழ் நடந்தன. அதே பிள்ளைகள்தான் இரண்டிலும் இருப்பார்கள். பொறுப்பாளர் யார், கூடிய இடம் எது என்ற இரண்டு நிரலும் இதற்காகத்தான். உறுதியாகச் சொல்ல முடியாத குழுவைக் கணக்கில் சேர்க்காமல், சேர்க்காத காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

4. இடைவெளி. 1942 டிசம்பர் 5, 6 தேதிகளில் முகாமில் கலவரம் வெடித்தது, ராணுவக் காவலர் சுட்டதில் இருவர் இறந்தனர், பள்ளியும் மூடப்பட்டது. அந்தக் காலத்தில் மன்றச் செய்தி இல்லை என்பதை “மாணவர்களுக்கு ஆர்வம் குறைந்தது” என்று படித்துவிடக் கூடாது.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மன்சனாரைப் படம் பிடித்தவர்களில் மூவர் முக்கியம். டோரதியா லாங் 1942இல் அரசுக்காக எடுத்தார். அவர் அங்கே இருந்தது கோடைவரைதான், முறையான பள்ளி அப்போது தொடங்கவே இல்லை. பிள்ளைகள் பாடம் படிப்பதாக அவர் படங்களில் காண்பது தன்னார்வலர்கள் நடத்திய வகுப்புகள். அதை எடுத்து “மன்சனார் உயர்நிலைப் பள்ளி” என்று போட்டால் தேதித் தவறு, பளிச்சென்று மாட்டும். அன்செல் ஆடம்ஸ் 1943 இலையுதிர் காலத்தில் வந்தார். பேட்டன் பயிற்சி, பாடகர் குழு இரண்டும் அவர் தொகுப்பில் உண்டு. ஆனால் காவல் கோபுரத்தையும் முள்வேலியையும் படம் எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. டோயோ மியாடேக் முகாமுக்குள் அடைக்கப்பட்டவர். லென்ஸை ஒளித்துக் கொண்டுவந்து, மரப்பெட்டியில் கேமரா செய்து எடுக்க ஆரம்பித்தார். பிறகு அனுமதி கிடைத்தது, ஆனால் முதலில் ஷட்டரை அமுக்க ஒரு வெள்ளையர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆண்டு மலரின் படங்கள் அவருடையவை. முதல் பகுதியில் இரண்டு சான்றை மதிப்பிடும்போது மலரையும் ஆடம்ஸ் படம் ஒன்றையும் எடுத்தால் நோக்கம், வரம்பு இரண்டும் இயல்பாக வந்து விழும். “முதன்மைச் சான்று, அதனால் நம்பகமானது” போன்ற வரி வேண்டவே வேண்டாம்.

படத்தின் பின்னணியைப் பாருங்கள். குடியிருப்புக் கொட்டகை 20 அடி அகலம், 100 அடி நீளம். தார் தாள் சுற்றி, அது காற்றில் கிழியாமல் இருக்க மேலே மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக அடித்திருப்பார்கள். இந்தச் சுவர் பின்னால் தெரிந்தால் குழு கொட்டகை ஓரத்தில் நிற்கிறது என்று பொருள். 20 அடி அகலக் கூடத்தில் மேடை போட்டு, பெரிய பாடகர் குழுவை நிறுத்தி, பார்வையாளரையும் உட்கார வைக்க முடியாது. அதனால்தான் உணவுக்கூடமும் திறந்த வெளியும் மேடையாயின. பெரிய அரங்கம் 1944இல்தான் வந்தது, அதையும் முகாமில் இருந்தவர்களே கட்டினார்கள். இசை, நாடக ஆசிரியர் லூயிஸ் ஃப்ரிஸெல் நடத்திய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும்போது அரங்கத்துக்கு முன்னா, பின்னா என்று பார்த்து எழுதுங்கள். தேதிதான் இங்கேயும்.

வெளிப் பள்ளிகளோடு ஒப்பீடு ஒரே பத்திதான், 200 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். ஆனால் அந்தப் பத்திக்குச் சரக்கு அருமையானது.

வேலிக்கு வெளியே மன்றம் என்றாலே போர் வேலை. 1942 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி அலுவலகம் அறிவித்த ஹைஸ்கூல் விக்டரி கோர் என்ற மாணவர் அமைப்பில் ஐந்து பிரிவு: வான், தரை, கடல், உற்பத்தி, சமூகம். சேர மூன்று நிபந்தனை: உடற்பயிற்சி, போருக்கு உதவும் ஒரு பாடம், போர் சார்ந்த ஒரு வெளிவேலை. 1944இல் அது கலைந்துவிட்டது. ஆகவே 1945 மலரில் அதைக் காணவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். போர் முத்திரை வாங்கி ஒட்டும் ஆல்பம் இன்னொன்று. 25 சென்ட் முத்திரை 75 ஒட்டினால் 18.75 டாலர், அதைக் கொடுத்தால் பத்து ஆண்டில் 25 டாலராகும் பத்திரம்.

எல்லாவற்றிலும் சிறந்த எடுத்துக்காட்டு விமான மாதிரி. 1942 தொடக்கத்தில் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மாதிரி கேட்டது: 50 வகை, வகைக்கு 10,000. அளவு 1:72. மரத்தில் செதுக்கி, வார்ப்புருவால் சரிபார்த்து, கறுப்பு அடிக்க வேண்டும். 35 அடி தூரத்தில் வைத்தால் அது 2,520 அடி, அதாவது ஏறக்குறைய அரை மைல் தள்ளி உண்மை விமானம் தெரியும் அளவுக்குத் தெரியும். பீரங்கிப் பயிற்சியில் தூரம் மதிப்பிட அதை வைத்தார்கள். இறக்கையின் வளைவு சற்றுப் பிசகினாலும் பயிற்சி பெறுபவர் தவறான உருவத்தை மனத்தில் பதித்துவிடுவார், வார்ப்புரு அதற்காகத்தான். 1944 இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் மில்க்வீட் காய் பொறுக்கினார்கள். ஜாவாவின் இலவம்பஞ்சு ஜப்பான் வசம் போய்விட்டதால் உயிர்காப்பு உடுப்புக்குப் பஞ்சு இல்லை. மில்க்வீட் நம் எருக்கின் குடும்பம், அதே போலப் பட்டுப் பஞ்சு. இரண்டு பை காய் ஒரு உடுப்புக்குப் போதும் என்று சொல்லித் திரட்டினார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு “மன்சனாரிலும் இப்படித்தான்” என்று மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மன்சனார் சான்று தனியாக வேண்டும். முகாமுக்கு முகாமும் வேறுதான். வயோமிங்கின் ஹார்ட் மவுண்டன் பள்ளிக் கால்பந்து அணி சுற்றுப்புறப் பள்ளிகளோடு ஆடியது என்பதை எடுத்து மன்சனாருக்கு ஒட்ட முடியாது.

இன்னும் சில, வேகமாக:

- ஃப்ரீ பிரஸ் என்று பெயர் இருந்தாலும் நிர்வாகத்தின் கண்காணிப்பில்தான் வந்தது. முதல் பகுதியில் இல்லையென்றாலும் மூன்றாம் பகுதியில் இது வர வேண்டும்.
- மாணவர் பெயர்களை உங்கள் கட்டுரையில் எழுதத் தேவையில்லை. பெயர் ஒப்பீடு ஸ்பிரெட்ஷீட்டில் இருக்கட்டும், கட்டுரையில் “செயலாளர்”, “தலைவி” போதும்.
- ஒரே ஆள் ஜப்பானியப் பெயரிலும் ஆங்கிலப் பெயரிலும் பட்டப்பெயரிலும் வருவார். இருவராக எண்ணிவிடாதீர்கள்.
- ஆசிரியர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்த வெள்ளையர். “ஆலோசகர்” என்று மலரில் போட்ட பெயர் உண்மையில் மன்றத்தை நடத்தியதா என்று செய்தித்தாளில் பாருங்கள்.
- 500, 1,300, 400 என்ற பிரிப்பை மீறாதீர்கள். 2,200க்கு மேல் மதிப்பீட்டாளர் படிக்க மாட்டார், முடிவுரை வெட்டுப்பட்டால் மொத்தமும் வீண்.

மூன்றாம் பகுதியில் “நிறையக் கற்றுக்கொண்டேன்” ரகம் வேண்டாம். நான்கு மதிப்பெண்ணும் முறை பற்றிய பேச்சுக்குத்தான். மலரின் மகிழ்ச்சியான நடையை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதியது 17 வயதுப் பிள்ளைகள், படிக்கப்போவது நண்பர்கள், அனுமதித்தது நிர்வாகம். அந்தச் சிரிப்பைப் பொய் என்றும் சொல்ல முடியாது, முகாம் நன்றாக இருந்ததற்கு ஆதாரமாகவும் எடுக்க முடியாது. அந்தச் சிக்கலை உங்கள் ஸ்பிரெட்ஷீட்டின் ஒரு குறிப்பிட்ட வரியைக் காட்டி விளக்குங்கள்: இந்த மன்றம், மலரில் இந்தப் பக்கம், செய்தித்தாளில் இந்தத் தேதி, இரண்டும் பொருந்தாத இடம் இது, நான் எதை ஏற்றேன், ஏன். மேற்கோளில் செய்தித்தாளுக்கு இணைப்பு மட்டும் கொடுக்காமல் தேதியும் பக்கமும் கொடுங்கள்.