தூர்ந்த வாய்க்காலுக்குக் கடல்நீர் வந்த கதை: முத்துப்பேட்டைக் கழிமுகத்தில் எங்கள் அனுபவம்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் வீடுகளுக்கே கூரை இல்லாமல் போனதால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் எத்தனை மரம் சாய்ந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் படகில் சென்றபோதுதான், வாய்க்கால்கள் தூர்ந்து, உள்ளே தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி, தரை முழுக்க உப்புப் பூத்துக் கிடப்பதைக் கண்டோம். கால் வைத்த இடமெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. அந்த உப்பில் அலையாத்தி விதை முளைக்காது. மரம் இல்லாத இடத்தில் இறால் குஞ்சும் தங்காது.

இதற்கான வழி எங்கள் ஊருக்குப் புதிதன்று. மீன்பிடிக்க முன்னோர் வெட்டிய வாய்க்கால்களின் இரு கரையிலும் அலையாத்தி தானாகவே அடர்ந்து வளர்ந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளைகளுமாக மீன்முள் வடிவில் வெட்டிக் காட்டை மீட்டதும் இங்கேதான். ஊராட்சியின் உதவியை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

2022 அக்டோபர் 2 கிராம சபையில், கழிமுகத்தைச் சீரமைக்க வேண்டும் என்று ஒரே வரியில் தீர்மானம் நிறைவேற்றினோம். புல எண் இல்லை, நீளம் இல்லை, பாதி இடம் காப்புக்காட்டுக்குள் வருகிறது என்ற குறிப்புடன் அது திரும்பி வந்தது. அன்று கோபம் வந்தாலும், அந்தக் குறிப்பு நியாயமானது என்றே இப்போது நினைக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி, காப்புக்காட்டுக்குள் இருப்பதை வனத்துறைக்கான கோரிக்கையாகவும், ஊராட்சி எல்லையில் தூர்ந்து கிடந்த வாய்க்காலை நூறு நாள் வேலைக்கான பணியாகவும் பிரித்து, 2023 ஜனவரி 26 அன்று மீண்டும் தீர்மானம் போட்டோம். இம்முறை நிர்வாக அனுமதி கிடைத்தது.

மதிப்பீடு தயாரிக்க வந்த பொறியாளர் முதலில் செங்குத்துக் கரையுடன்தான் வரைந்தார். எங்கள் பெரியவர் ஒருவர் அவரைச் சேற்றில் இறக்கி, துடுப்பால் கரையை நேராகச் செதுக்கிக் காட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அது பொதபொதவென்று சரிந்தது. "சாய்ச்சு வெட்டணும் சார், அப்பத்தான் நிக்கும்" என்றார். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் அளவு மாறியது.

பெரிய சிக்கல் வருகைப் பதிவில் வந்தது. நாளுக்கு இரண்டு முறை வேலையிடத்தில் நின்று செயலியில் படம் எடுத்தாக வேண்டியிருந்தது. கடல் ஏற்ற இறக்கத்தில் நீர் வற்றும் நேரமோ நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இடுப்பளவு நீரில் பெண்கள் படத்துக்காகக் காத்து நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நீர் ஏறிய வேளையில் வாய்க்காலின் மேட்டுப் பகுதியிலும், வற்றிய வேளையில் கடல்நீர் நுழையும் வாய்ப்பகுதியிலும் வேலை செய்யும்படி பணித்தளப் பொறுப்பாளர் பிரித்துக் கொடுத்த பிறகுதான், 294 ரூபாய் நாள்கூலி விட்டுப்போகாமல் கணக்கில் ஏறியது. கடலோரப் பணி கேட்பவர்கள் இதை மதிப்பீட்டின்போதே பேசி முடித்துவிடுவது நல்லது.

மழைக்கு முன் வாய்ப்பகுதியை உடைத்துவிட்டோம். சேற்றுக் கலங்கலோடு நீர் மெதுவாக உள்ளே ஏறி, உப்புப் பாளத்தை நனைத்தது. விதையை அந்த ஆண்டே ஊன்றவில்லை. ஒரு மழைக்காலம் உப்பைக் கழுவட்டும் என்று காத்திருந்து, அடுத்த ஐப்பசியில்தான் கரையோரம் ஊன்றினோம். வாய்க்கால் மறுபடியும் தூரும் என்பதால், தூர்வாரும் பணியை ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கக் கேட்டு அடுத்த மனுவையும் கொடுத்திருக்கிறோம். இந்த முறை புல எண்ணும் நீளமும் முதல் வரியிலேயே இருக்கின்றன.