தடாகத்து லைனரை ஒட்டுவதற்கு முதல் அது தண்ணீரில் மிதக்கிறதா என்று பாருங்கள்

முற்றத்துத் தடாகத்தில் இப்போது ஒரு சொட்டும் கசியாமல் தண்ணீர் நிற்கிறது, ஆனால் இதற்காகப் பட்ட அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் லைனர் (தண்ணீர் கசியாமல் குழிக்குள் போடும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு) விரித்துத் தடாகம் கட்ட நினைப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் மணல் நிலம், சீமெந்துத் தொட்டி கட்டினால் ஒரு பக்கம் இறங்கி வெடிக்கும் என்று மேசனே சொன்னதால் லைனருக்குப் போனோம். குழி தோண்டியது, வேர் பொறுக்கியது, பழைய சாக்கு விரித்தது எல்லாம் கரைச்சல் இல்லாமல் முடிந்தது.

கரைச்சல் கடையில் தொடங்கியது. நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்கு கூட்டி, கரைக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி விட்டு, அகலத்துக்கும் அப்படியே கணக்குப் பார்த்துக் கடதாசியில் எழுதிக்கொடுத்து, "ஒரே துண்டாக வேணும்" என்று சொல்லித்தான் முற்பணம் கட்டினேன். கொழும்பிலிருந்து வந்தது இரண்டு துண்டு. கடைக்காரரிடம் கேட்டால், "ரோல் அகலம் அவ்வளவுதான் தம்பி, இது ரப்பர்தானே, சிலிக்கன் போட்டா கல்லு மாதிரி ஒட்டும்" என்று சொல்லி, பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கன் டியூப்களையும் என் தலையில் கட்டினார். வெட்டிய சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். என்ன சாமான் என்று பில்லிலும் இல்லை, விரிப்பிலும் இல்லை. "லைனர்" என்று மட்டும் எழுதியிருந்தது.

அவர் சொன்னபடியே பூசிக் காயவிட்டோம். வினாகிரி மணம் போய் நன்றாக இறுகியும் விட்டது. ஆனால் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தபோது, பாம்பு சட்டை கழற்றுவதுபோல முழு நீளத்துக்கும் உரிந்து கையோடு வந்தது, அடியில் லைனர் பளபளவென்று அப்படியே இருந்தது. பிடிக்கவே இல்லை. திரும்பப் போய்க் காட்டினால், "மணல் பட்டிருக்கும், இன்னொருக்காப் பூசிப் பாருங்க" என்கிறார். இதில் இன்னொரு விஷயம்: பாத்ரூம் சிலிக்கன் பலவற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மருந்து கலப்பார்கள், அது மீனுக்குக் கூடாது. மீன் விடத்தான் கட்டுகிறேன் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

கடைசியில் வழி காட்டியது வாழைச்சேனைப் பக்கத்துத் தம்பி ஒருவர், இறால் தொட்டிகளுக்கு லைனர் விரிக்கிறவர். வந்ததும் மூலையில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றுக் குமிழியைத் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தார். துண்டு மேலே வந்து மிதந்தது. "அண்ணன், இது ரப்பர் இல்ல, பொலித்தீன் சாதி. இதுக்கு எந்தக் கம்மும் நிக்காது, சூடாக்கித்தான் ஒட்டணும்." அவ்வளவுதான் பரிசோதனை. ரப்பர் லைனரும் பிவிசி லைனரும் தாழும், பொலித்தீன் சாதி மிதக்கும். தாழ்ந்தால் இழுத்துப் பாருங்கள், நன்றாக நீண்டு பழையபடி சுருங்கினால் ரப்பர், அதற்கென்று ஒட்டுவதற்கு முதல் பூசும் பிரைமரும் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பும் இருக்கின்றன. பிவிசிக்கு அதற்கான கம் உண்டு. கடையில் நின்றே ஒரு துண்டு கேட்டு இதைச் செய்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சிலிக்கன் பட்ட ஓரம் சூட்டிலும் சரியாகப் பிடிக்காது என்று அதை வெட்டி எறிய வேண்டி வந்தது. அதனால் அகலம் குறைந்து, தோண்டிய குழியில் ஒரு பக்கத்தை மண் போட்டு ஒடுக்கினோம். அந்த இழப்புக்கு யாரிடம் போய்க் கேட்பது?

இப்படிச் சூடாக்கி வெல்ட் பண்ணுவதிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் வெளியில் செய்ய வேண்டாம், ஹீட் கன்னின் (சூடான காற்றை ஊதும் கருவி) சூட்டையும் அது பறிக்கும், பொருத்துக்குள் மணலையும் கொண்டுவந்து போடும். நாங்கள் விறாந்தையில் பலகை போட்டு ஒட்டிவிட்டுத்தான் குழிக்குள் இறக்கினோம். நடுப்பகலும் வேண்டாம், கறுப்பு லைனர் வெயிலில் நீண்டு அலை அலையாக எழும்பும், ஆறும்போது சுருங்கிப் பொருத்தை இழுக்கும். ஒன்றின்மேல் ஒன்று நாலு அங்குலம் ஏற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு உள் ஓரத்தை முதலில் பிடிக்கவைத்து, அப்புறம் ஹீட் கன்னை இரண்டு துண்டுக்கும் நடுவில் விட்டபடி ரோலரால் அமுக்கிக்கொண்டே போனார் தம்பி. இடையில் கன் சூடு காணவில்லை. பார்த்தால் நாங்கள் கொடுத்த எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லியது, சுருளோடு கிடந்தது, தொட்டால் சுடுகிறது. தடித்த வயர் எடுத்து முழுவதையும் விரித்துவிட்ட பிறகுதான் சரிவந்தது.

முதலில் கழிவுத் துண்டுகளில் ஒட்டி இழுத்துப் பாருங்கள். பொருத்து பிரியாமல் லைனர் நீண்டு கிழிந்தால் அதுதான் சரியான சூடு. எங்களுடைய துண்டு அப்படிக் கிழிந்தபோது கை தட்டாத குறைதான். வேலை முடிந்ததும் மொட்டை ஸ்குரூ டிரைவரால் ஓரம் முழுக்க மெல்லக் கிண்டிப் பார்த்தார், இரண்டு இடத்தில் நுனி உள்ளே போனது, அங்கே வட்டமாகத் துண்டு வெட்டி மேலே ஒட்டினார். குழிக்குள் பொருத்து சரிவுக்குக் குறுக்கே வராமல் மேலிருந்து கீழாக ஓடும்படி விரியுங்கள், மூலையிலும் மடிப்பிலும் வர விடாதீர்கள்.

தண்ணீர் நிரப்பியதும் மட்டம் இறங்குகிறது என்று பதற வேண்டாம், வெயிலுக்கும் இறங்கும். ஒரு வாளியிலும் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் அதே வெயிலில் வைத்து இரண்டிலும் கோடு போடுங்கள். வாளியை விடத் தடாகம் கூட இறங்கினால்தான் கசிவு. எங்களுடையதில் இரண்டும் ஒரே அளவுதான் இறங்கியிருந்தன, அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் கப்பி மீன் விட்டோம், நுளம்புக் குடம்பியை அது பார்த்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கழுவுவதென்றால் ஒக்டோபருக்குள் கழுவி நிரப்பிவிடுங்கள். மாரியில் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் முற்றம் வரை ஏறும். அந்த நேரம் தடாகத்தை வெறுமையாக்கினால் அடியிலிருந்து தண்ணீர் லைனரை ஊதி எழுப்பி, ஒட்டிய பொருத்தைத்தான் முதலில் இழுக்கும்.