மூணாங் கிளாஸ்ல ஒரு சந்தை

கோபி பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல மூணாங் கிளாஸ் எடுக்கறனுங்க. கழித்தல்ல கடன் வாங்கறதுன்னாலே புள்ளைங்க மூஞ்சி சுண்டிப் போயிரும், போர்டுல எத்தன தடவ போட்டாலும் ஏறல. 2022ல தமிழ்நாடு அரசு சின்னக் கிளாஸ் புள்ளைங்களுக்கு ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டமே ஆடிப்பாடி, பொருள வெச்சு சொல்லிக் குடுக்கறதுதான, சரின்னு கிளாஸையே வாரச்சந்தை ஆக்கிட்டேன். ஒத்த ஈர்க்குச்சி ஒரு ரூவா, பத்துக் குச்சிக் கட்டு பத்து ரூவா. வாயே தொறக்காத பையன் ஒருத்தன், கையில 32 ரூவா, தேங்கா வெல 15 ரூவா, ஒத்தக்குச்சி ரெண்டுதான் இருக்கு, கொஞ்ச நேரம் முழிச்சவன் அவனாவே ஒரு கட்டப் பிரிச்சுப் போட்டு எண்ணிக் குடுத்துட்டு "மிஸ், மீதி 17ங்க"ன்னு கத்துனான் பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நல்லாப் பண்ணுனா ஸ்டார் ஒட்டறதெல்லாம் ரெண்டு நாளைக்குத்தானுங்க, தானாக் கண்டுபுடிச்ச இந்த சந்தோசந்தான் நிக்கும். சத்தம் அதிகந்தான், பரவால்ல. நாளைக்கு மஞ்சக் கடையாம், அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.