“ஆறு மணி நேரமாவது உறங்கு”: துரினில் தொன் போஸ்கோவின் வீடு

இத்தாலியின் துரின் நகரில் உள்ள வல்தோக்கோ பகுதிக்குத் திருப்பயணம் போகிறவர்கள் முதலில் சகாய அன்னை பசிலிக்காவுக்குள்தான் நுழைவார்கள். 1868-இல் அர்ச்சிக்கப்பட்ட பெரிய கோவில் அது. ஏழைப் பையன்களுக்காக வாழ்ந்த குருவும் சலேசிய சபையின் நிறுவுநருமான தொன் போஸ்கோவின் உடல் உள்ள பேழை அங்கேதான் இருக்கிறது. நானும் அதன்முன் முழந்தாளிட்டுச் செபித்தேன். ஆனால் என் மனம் போய் ஒட்டிக்கொண்டது அருகிலுள்ள பினார்தி சிற்றாலயத்தில்.

இன்று அது அழகான ஆலயம். அன்று பினார்தி என்பவரின் வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகை. நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்குக் கூரை தாழ்ந்திருந்ததால் தரையைத் தோண்டி இறக்க வேண்டியிருந்தது. பையன்களோடு இடம் இடமாக விரட்டப்பட்ட தொன் போஸ்கோ, 1846 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று இங்கே குடியேறினார். அதே ஆண்டு கோடையில் ஓயாத உழைப்பால் சாகும் நிலைக்குப் போனார். கொத்துவேலையும் கூலிவேலையும் செய்த பையன்கள் முறைவைத்து மாதா கோவிலுக்குப் போய் மன்றாடினார்கள். சிலர் வெறும் ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே உண்டு நோன்பிருந்தார்கள். அவர் பிழைத்து வந்ததும், இந்த உயிர் நீங்கள் தந்தது, இனி இது உங்களுக்குத்தான் என்றார். பிள்ளைகள் அழுது மீட்ட தகப்பன் என்ற நினைப்போடுதான் மாடியறைகளுக்கு ஏறினேன்.

அவர் வாழ்ந்து, உழைத்து, இறந்த அறைகள் இவை. எளிய கட்டில், எழுதும் மேசை, அவ்வளவுதான். 1859 டிசம்பர் 18 இரவு அவரது அறையில் 18 பேர் கூடி சலேசிய சபை என்னும் துறவற சபையைத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர், அவரே வளர்த்த பையன்கள். துறவியாவதா வேண்டாமா என்று முற்றத்தில் நடந்து நடந்து யோசித்த கால்யெரோ, கடைசியில், “துறவியோ இல்லையோ, நான் தொன் போஸ்கோவோடு இருப்பேன்” என்று சொல்லி வந்தவர். பெரிய தத்துவம் எதையும் அவர் பார்க்கவில்லை. அப்பாவை விட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மேசையைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1863-இல் அவர் எழுதிய ஒரு கடிதம். அவர் வளர்த்த பையன்களில் ஒருவரான மிக்கேல் ரூவாவுக்கு அப்போது 26 வயது. துரினுக்கு வெளியே மிராபெல்லோவில் தொடங்கிய முதல் இல்லத்துக்கு அவரை அதிபராக அனுப்பினார் தொன் போஸ்கோ. கூடப் போக முடியாத தகப்பன் என்ன சொல்லி அனுப்புவார்? எதுவும் உன்னைக் கலங்கச் செய்ய வேண்டாம் என்று தொடங்குகிறார். அப்புறம், சாப்பாட்டில் கடுந்தவம் வேண்டாம். உன் கடமைகளைக் கருத்தாய்ச் செய்வதும் பிறர் தரும் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்வதுமே உன் தவமாக இருக்கட்டும். ஒவ்வொரு இரவும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்கு. உனக்கும் உன் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அது தேவை. பிறர் உனக்கு அஞ்சுவதைவிட உன்னை நேசிக்கும்படி நடந்துகொள்.

பட்டினி கிடப்பதே தவத்தின் அடையாளம் என்று பலர் எண்ணிய காலத்தில் ஒரு சபை நிறுவுநர் தூக்கத்துக்குக் கணக்குச் சொல்லி எழுதுகிறார்! எளிய புத்திமதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. நோன்பிருப்பதைவிட, கூட இருப்பவரின் தொல்லையை முகம் சுளிக்காமல் தாங்குவது எவ்வளவோ கடினம். பிள்ளையின் வயிற்றையும் தூக்கத்தையும் பற்றிக் கவலைப்பட்ட அதே அப்பா, ஆன்மாவுக்கான கடுமையான பயிற்சியையும் அதே வரியில் வைத்துவிட்டார். பின்னாளில் இந்த அறிவுரைகளே விரிவாக்கப்பட்டு எல்லா இல்லத்து அதிபர்களுக்கும் போயின.

1875 நவம்பர் 11 அன்று கால்யெரோவின் தலைமையில் முதல் மறைப்பணியாளர்கள் அர்ஜென்டினாவுக்குப் புறப்பட்டபோதும் இதுதான் நடந்தது. நான் செபித்த அதே பசிலிக்காவில்தான் வழியனுப்பு விழா. அவர்கள் கையில் அவர் கொடுத்த 20 அறிவுரைகளில் முதலாவது, பணத்தையும் பட்டத்தையும் அல்ல, ஆன்மாக்களைத் தேடுங்கள் என்பது. கொஞ்சம் தள்ளி, உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பலத்துக்கு ஏற்ற அளவே உழையுங்கள் என்கிறார். உழைத்து உழைத்து ஒருமுறை செத்துப் பிழைத்தவரின் வார்த்தை இது. தனக்கு அளந்துகொள்ளாத அளவை அவர் பிள்ளைகளுக்கு அளந்து கொடுத்தார்.

அவர் இறந்த அறைக்குள் வெகுநேரம் நின்றேன். 1888 ஜனவரி 31, விடியும் முன். வலக்கையை அவரால் தூக்க முடியவில்லை. சுற்றிலும் மகன்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். ஆயராகிவிட்ட கால்யெரோவும் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். எல்லாருக்கும் ஆசி தரும்படி கேட்டு, ரூவா அந்தக் கையைப் பிடித்து உயர்த்திச் சிலுவை அடையாளம் வரைந்தார். ரூவா சிறுவனாக இருந்தபோது, நாம் இருவரும் எல்லாவற்றையும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வோம் என்று அவரிடம் சொன்னவர் தொன் போஸ்கோ.

அதன்பின் 22 ஆண்டுகள் சபையை நடத்தியவர் அந்த ரூவாதான். தூங்கு, சாப்பிடு, கலங்காதே என்று ஒரு தகப்பன் எழுதியனுப்பிய மகன், தானும் ஒரு தகப்பனாகிவிட்டார். எனக்குத் தெரிந்த இளம் குருமாணவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்களுக்கும் இப்படி ஓர் அதிபர் வாய்க்க வேண்டும் என்று அங்கேயே மன்றாடினேன்.