கெக் மூடிக்கு எந்த கிரீஸ்? மூன்று வாரக் குறிப்பு

சிலிண்டரைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது, காலி. 19 லிட்டர் பீருக்கு வாயு ஏற்ற 100 கிராம் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் போதும். என்னுடைய 2 கிலோ சிலிண்டர் பத்தே நாளில் தீர்ந்திருந்தது.

எங்கே கசிகிறது என்று பார்க்க, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு கெக் (பீரை அழுத்தத்தில் வைக்கும் உலோகப் பீப்பாய்) முழுக்கத் தடவினேன். மூடியின் ஒரு மூலையில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. மூடியைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் ரிங் வறண்டு கிடந்தது. கெக்கின் விளிம்பு பதிந்த தடம் அதில் அப்படியே இருந்தது.

கைக்குக் கிடைத்தது பெட்ரோலியம் ஜெல்லி. தடவினேன், அன்று இரவே குமிழ் நின்றது. அடடா, இவ்வளவுதானா என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது ரிங் அதன் இடத்தில் உட்கார மறுத்தது. மூடியைச் சுற்றித் தொளதொளவென்று, பெரிய கைக்கு வாங்கிய வளையல் மாதிரி தொங்கியது. புது ரிங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது நன்றாக ஊதிப்போயிருந்தது, நகத்தால் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தது.

விஷயம் ரப்பரில்தான். என் மூடியில் இருந்தது ஈபிடிஎம் ரப்பர். சுடுதண்ணீர், நீராவி, காரமான கழுவு பொடி எல்லாவற்றையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெயை மட்டும் உறிஞ்சி ஊதிவிடும். நைட்ரைல் ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டும் கறுப்பு, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் இரண்டுக்கும் ஒத்துப்போகிற ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று. சமையல் எண்ணெயை நான் முயலவே இல்லை. சிக்குப் பிடிக்கும், பீர் நுரையையும் கெடுக்கும்.

கடைசியில் உணவுத் தரச் சிலிக்கான் கிரீஸ். ட்யூபில் 'எச்1' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். உணவில் தற்செயலாகப் பட்டாலும் பரவாயில்லை என்கிற வகை அது. இதிலும் ஒரு வேடிக்கை: ரிங்கே சிலிக்கான் ரப்பராக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் அதற்கு ஆகாது, தன் இனத்தையே உறிஞ்சி ஊதும்.

சரி, சரியான பொருள் கிடைத்துவிட்டது என்ற குஷியில் எல்லா ரிங்கிலும் தாராளமாக அப்பினேன். அடுத்த நாள் ஊற்றிய முதல் கிளாஸில் நுரை எழும்பியது, அரை நிமிடத்தில் காணாமல் போனது. பீர் காய்ச்சும்போது பொங்காமல் இருக்க விடும் சொட்டு மருந்தில் இருப்பதும் சிலிக்கான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தேன். வெறும் தண்ணீரில் போகாது, சோப்பும் சுடுதண்ணீரும் வேண்டியிருந்தது.

இப்போது மூடி ரிங்குக்குத் தீக்குச்சித் தலை அளவு கிரீஸ், அவ்வளவே. இரண்டு விரலுக்கு நடுவில் ரிங்கை ஓட விட்டால் லேசாகப் பளபளக்க வேண்டும், வெள்ளையாக எதுவும் தெரியக் கூடாது. கெக்கின் தலையில் குழாய் மாட்டும் முனை இருக்கிறதே, அந்தப் போஸ்ட்டின் வெளி ரிங்கை மறக்கவே கூடாது. குழாய் நுனியிலுள்ள கனெக்டரைப் போட்டுப் போட்டுக் கழற்றும்போது வறண்ட ரிங் அங்கேதான் கிழிகிறது. கெக்குக்குள் இறங்கும் குழாயான டிப் டியூபின் ரிங்குக்கு வெறும் விரலில் ஒட்டியிருப்பதே போதும்.

அப்புறம் மூடியை மேலே இழுத்துப் பிடித்தபடி 30 பிஎஸ்ஐ வாயு அழுத்தம் கொடுத்தேன். 'டப்' என்று உட்கார்ந்தது. பிறகு 12-க்கு இறக்கினேன். சிலிண்டரை மூடிவிட்டு ரெகுலேட்டர் முள்ளைப் பார்த்தால் இறங்கிக்கொண்டே இருந்தது, வயிற்றில் புளியைக் கரைத்தது. அது கசிவில்லை, வாயு முழுசாக ஏறாத பீர் அதைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வாயு முழுசாக ஏறிய பிறகு பார்த்தபோது முள் ராத்திரி முழுக்க அசையவில்லை.

ஒன்று பாக்கி. வாயு உள்ளே போகும் கேஸ் போஸ்ட்டில் கனெக்டரை மாட்டினால் இன்னும் ஓரிரு குமிழ் வருகிறது. அந்த ரிங்கில் ஒரு சின்ன வெட்டு, கிரீஸால் அடைக்க முடியாது. புது ரிங்குக்குச் சொல்லியிருக்கிறேன்.