படுக்கவைத்து எடுத்த டாப்ளர் ஸ்கேனால் வீணான பயணம்

வகுப்பறையில் நின்றபடியே பாடம் நடத்தும் எனக்கு, இடது கெண்டைக்காலில் புடைத்து நெளியும் நரம்புச் சுருட்டல் சில ஆண்டுகளாகவே உண்டு. கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியதும், கொழிஞ்சாம்பாறை மருத்துவர், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

கோபாலபுரம் சோதனைச்சாவடியைக் கடந்து பொள்ளாச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். அங்கே என்னைப் படுக்கவைத்தே எல்லாவற்றையும் முடித்து, 'இரத்தக்கட்டி இல்லை' என்று ஒரே வரியில் அறிக்கை தந்தார்கள். விடுப்பு எடுத்துப் பாலக்காட்டுக்குச் சென்று, உச்சிப்பொழுது தாண்டும்வரை காத்திருந்து அதைக் காட்டினால், அறுவை மருத்துவர் பார்த்தவுடன் திருப்பித் தந்துவிட்டார். சிரைகளில் (நாம் நரம்பு என்று சொல்லும், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களில்) உள்ள வால்வுகள் சரியாக மூடினால் இரத்தம் இதயத்தை நோக்கி மேலே மட்டும் செல்லும் என்றும், அவை பழுதானால் 0.5 விநாடிக்கும் மேலாகக் கீழ்நோக்கிக் கசியும் என்றும், நோயாளியை நிற்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்திவிட்டுப் பார்த்தால்தான் அது தெளிவாகத் தெரியும் என்றும் விளக்கினார். எந்தச் சிரை, எந்த இடத்திலிருந்து கசிகிறது என்று தெரியாமல் லேசர் சிகிச்சையைத் திட்டமிட முடியாதாம். ஸ்கேன் மையத்திலோ, சீட்டில் 'டாப்ளர்' என்று மட்டுமே இருந்ததாகச் சொல்லி, மறுபடியும் முழுக் கட்டணம் வாங்கினார்கள். அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. ஆகவே, 'நின்ற நிலையில், வால்வுக் கசிவு பார்க்க' என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் லேசர் சிகிச்சையை அழகுக்கான சிகிச்சை என்று முதலில் மறுத்தது. தோல் மாற்றத்தைக் குறிக்கும் 'சி4' என்ற நிலையை மருத்துவர் கடிதத்தில் குறிப்பிட்ட பிறகு ஒப்புதல் வந்தது; அன்றுதான் நிம்மதியாக உறங்கினேன். லேசர் முடிந்த அன்றே நடந்து வீடு திரும்பினேன். அழுத்தக் காலுறையைக் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவுகளை அளந்தே வாங்க வேண்டும். வீக்கம் ஏறுவதற்கு முன், காலையில் எழுந்தவுடன் அணிவது நல்லது.

இப்போது உடன் பணிபுரிவோர் தங்கள் கைகளைக் காட்டிக் கேட்கிறார்கள். மெலிந்தவர்களுக்கு வெயிலிலும் உழைப்பிலும் கை நரம்பு புடைப்பது பெரும்பாலும் இயல்பே. தொப்புளைச் சுற்றிச் சிரைகள் புடைத்தால் கல்லீரலையும், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்துச் சிரை புடைத்தே இருந்தால் இதயத்தையும் சோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதனுடன் மூச்சுத்திணறலும் இருந்தால், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.